கேரட்டா பீட்ரூட்டா: ரத்தம் ஊற எது நல்லது?

கோத்தகிரி_தங்கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணிக்கு இப்போது ஐந்தாம் மாதம். போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் ஒன்பதரைதான் இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் மூன்று வேளையும் பீட்ரூட். காலையில் ஜூஸ், மதியம் பொரியல், ராத்திரி சப்பாத்திக்கும் அதுவே. அண்ணியின் அம்மாவோ, "கேரட் கொடுங்க, குழந்தைக்குக் கண்ணு நல்லா இருக்கும்" என்கிறார். என் அம்மா, "சிவப்பா இருக்கறதுதான் ரத்தம் ஊற வைக்கும்" என்று விடமாட்டேன் என்கிறார். இரண்டுமே எங்கள் தோட்டத்தில் விளைகிற காய்தான், செலவு ஒன்றும் இல்லை. ஆனால் அண்ணிக்கு பீட்ரூட் வாசனையே இப்போது குமட்டுகிறது. உண்மையில் எதில் சத்து அதிகம்? எண்களோடு யாராவது விளக்கினால் இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் எடுத்துச் சொல்வேன்.

மேட்டுப்பாளையம்_மண்டி எழுதியது:

பீட்ரூட்தான், சந்தேகமே வேண்டாம். என் சித்திக்கு எட்டு இருந்த ரத்தம் பீட்ரூட் ஜூஸ் குடித்தே பதினொன்றுக்கு ஏறியது. கேரட் கண்ணுக்கு, பீட்ரூட் ரத்தத்துக்கு. காலம் காலமாகச் சொல்லிவருவது இதுதானே.

குன்னூர்_செவிலி எழுதியது:

தங்கை, நான் இந்த மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தேயிலைத் தோட்ட லைன் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

100 கிராம் பச்சை பீட்ரூட்டில் இரும்புச்சத்து சுமார் 0.8 மில்லிகிராம். அதே அளவு கேரட்டில் சுமார் 0.3. பீட்ரூட்டில் இருமடங்குக்கு மேல் இருக்கிறது என்று சொல்லலாம், கணக்கு சரிதான். ஆனால் கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவையான இரும்பு 27 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. பீட்ரூட்டை மட்டும் நம்பினால் தினமும் மூன்று கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். குமட்டல் உள்ள பெண்ணுக்கு இதைக் கட்டாயப்படுத்துவது பாவம் அம்மா.

சிவப்பு நிறத்துக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலைன் என்ற நிறமியால் வருவது, அதில் இரும்பு கிடையாது. ரத்தத்தின் சிவப்பு ஹீமோகுளோபினில் உள்ள இரும்பால் வருவது. இரண்டும் ஒரே நிறமாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. ரத்தசோகை வந்துவிட்டபின் அதை மாற்றுவது இந்த மாத்திரையும், டாக்டர் சொன்னால் ஊசியும்தான். அண்ணி மாத்திரையைத் தவறாமல் போடுகிறாரா என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் மாத்திரை அலமாரியில் கிடக்கும், ஜூஸ் மட்டும் தினமும் நடக்கும். மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு பிடிக்கிறது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். மலம் கறுப்பது இரும்பு மாத்திரை போட்டால் பெரும்பாலோருக்கு வருவது. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்தாமல் செவிலியரிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள், வேறு மருந்தோ வேறு நேரமோ சொல்வார்கள்.

மண்டி தம்பி, உங்கள் சித்திக்கு ரத்தம் ஏறியதில் எனக்கும் சந்தோஷம். அவர் அப்போது மாத்திரையும் போட்டுக்கொண்டு இருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். எட்டு இருந்த ஒருவரை எந்த மருத்துவமனையும் வெறும் ஜூஸோடு அனுப்பியிருக்காது.

மேட்டுப்பாளையம்_மண்டி எழுதியது:

சித்தியிடம் போனில் கேட்டேன் அக்கா. மாத்திரையும் போட்டார்களாம். ஆனால் பீட்ரூட்டில் ஒன்றுமே இல்லை என்கிறீர்களா? அப்படியென்றால் டாக்டர்களே ஏன் சாப்பிடச் சொல்கிறார்கள்?

கோவை_உணவியல் எழுதியது:

ஒன்றுமே இல்லை என்று அக்கா சொல்லவில்லை அண்ணா. நான் உணவியல் படிக்கும் மாணவி, சொந்த ஊர் ஊட்டிப் பக்கம் நஞ்சநாடு. பீட்ரூட்டின் பலம் ஃபோலேட், அதாவது மாத்திரையில் ஃபோலிக் அமிலமாக வரும் அதே வைட்டமின். 100 கிராம் பச்சைக் காயில் சுமார் 109 மைக்ரோகிராம், கேரட்டில் சுமார் 19 தான். ரத்த அணு உருவாகவும் கருவின் வளர்ச்சிக்கும் ஃபோலேட் அவசியம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 570 மைக்ரோகிராம் வேண்டும் என்று அதே 2020 பரிந்துரை சொல்கிறது. ஃபோலேட் குறைவால் வருகிற ஒருவகை ரத்தசோகையும் உண்டு. அதனால் பீட்ரூட் ரத்தத்துக்கு நல்லது என்ற பேச்சில் ஓரளவு நியாயம் இருக்கிறது. காரணம் மட்டும் வேறு.

ஆனால் இந்தச் சத்து தண்ணீரில் கரையும், சூட்டிலும் குறையும். துண்டு துண்டாக நறுக்கி, தளும்பத் தண்ணீர் வைத்து வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் பாதிச் சத்து சாக்கடைக்குத்தான் போகும். தோலோடு முழுசாக ஆவியில் வேகவைத்து, பிறகு தோலை உரித்து நறுக்குங்கள். வெந்த தோல் கையாலேயே வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

இப்போது கேரட். அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலை எடுத்துக்கொண்டால், 100 கிராம் பச்சைக் கேரட்டில் உள்ள கரோட்டின்கள் உடம்பில் சுமார் 835 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ அளவுக்குச் சமம். பீட்ரூட் கிழங்கில் இது வெறும் 2. கர்ப்பிணியின் தேவை 900 என்பதால் ஒரு பெரிய கேரட்டோ இரண்டு சின்ன கேரட்டோ அன்றைய தேவையை ஏறக்குறைய முடித்துவிடும். கர்ப்ப காலத்தில் வைட்டமின் ஏ மாத்திரையை அளவுக்கு மீறி எடுத்தால் குழந்தைக்கு ஆபத்து. கேரட்டில் அந்தப் பயம் இல்லை, உடம்பு தனக்கு வேண்டிய அளவுக்குத்தான் கரோட்டினை மாற்றிக்கொள்ளும். நிறைய சாப்பிட்டால் உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகும், குறைத்தால் சரியாகிவிடும். மஞ்சள் காமாலை என்று பயப்படுகிறவர்கள் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். காமாலையில் அதுவும் மஞ்சளாகும், கேரட்டால் ஆகாது.

கலோரி கேட்டால் கேரட் 41, பீட்ரூட் 43. நார்ச்சத்து இரண்டிலும் சுமார் 2.8 கிராம். பொட்டாசியம் இரண்டிலும் 320 மில்லிகிராமுக்குச் சற்று மேலே கீழே. இந்த விஷயங்களில் சண்டை போட ஒன்றும் இல்லை.

பூம்பாறை_பூண்டு எழுதியது:

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் பூண்டும் உருளையும் அதிகம், கேரட்டும் போடுவோம். பச்சையாகப் பிடுங்கி, வாய்க்கால் தண்ணீரில் அலசி, அங்கேயே கடித்துத் தின்பதுதான் எங்களுக்குப் பழக்கம். வேகவைத்தால் சத்து போய்விடும் என்று சொல்வார்களே, அது கேரட்டுக்கும் பொருந்துமா?

கோவை_உணவியல் எழுதியது:

பீட்டா கரோட்டின் விஷயத்தில் தலைகீழ் அண்ணா. அது கேரட்டின் கெட்டியான செல் சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. பச்சையாகக் கடித்தால் ஒரு பங்குதான் வெளியே வரும். வேகும்போது அந்தச் சுவர் தளர்கிறது. அதோடு இது எண்ணெயில் கரையும் சத்து, கூடவே கொழுப்பு வேண்டும். ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் தாளித்து, மூடி வைத்து வேகவிட்டு, தேங்காய்ப் பூ தூவி இறக்குகிற நம் சாதாரணக் கேரட் பொரியல் இதற்கு மிகப் பொருத்தம். எண்ணெய் சேராத கேரட் ஜூஸை வெறும் வயிற்றில் குடிப்பதைவிட இந்தப் பொரியலில் கிடைப்பது அதிகம். வைட்டமின் சி வேக வைத்தால் குறையும், உண்மைதான். ஆனால் கேரட்டில் அது முதலிலேயே 100 கிராமுக்கு 6 மில்லிகிராம் அளவுதான். அதற்கு நெல்லிக்காயும் கொய்யாவும் இருக்கின்றன.

பச்சையாகத் தின்பதையும் விடவேண்டாம். வாய்க்கால் தண்ணீரில் அலசுவதை மட்டும் விட்டுவிடுங்கள். மேலே மாடு, காட்டெருமை எல்லாம் இறங்குகிற தண்ணீர். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள்.

கேத்தி_விவசாயி எழுதியது:

நான் கேத்திப் பள்ளத்தாக்கில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறவன். எல்லோரும் கிழங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். பீட்ரூட் அறுவடை நடக்கும் தோட்டத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள். கிழங்கை ஒரு பக்கம் வீசுவோம், இலையைத் திருகி இன்னொரு பக்கம். சாயங்காலம் வரப்பு ஓரத்தில் இடுப்பளவு இலை குவிந்திருக்கும். தண்டும் நரம்பும் ரத்தச் சிவப்பு, இலை கரும்பச்சை, ஒரு பூச்சிக் கடி இருக்காது. மாடு தின்றது போக மீதி அப்படியே அழுகும். என் பாட்டி அதைக் கீரையாகக் கடைவார். இப்போது தோட்டத்து வீடுகளிலேயே பாதிப் பேர் அதை உணவாக நினைப்பதில்லை. அதில் சத்து உண்டா இல்லையா, படித்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்_செவிலி எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்து மனசு நிறைந்துவிட்டது. எண்களை என் பேத்தியைப் பார்த்துச் சொல்லச் சொல்லி எழுதுகிறேன். 100 கிராம் பச்சை பீட்ரூட் இலையில் இரும்பு சுமார் 2.6 மில்லிகிராம், அதாவது கிழங்கைப் போல மூன்று மடங்குக்கு மேல். வைட்டமின் ஏ சுமார் 316 மைக்ரோகிராம், கால்சியம் 117 மில்லிகிராம், வைட்டமின் சி 30 மில்லிகிராம். கிழங்கில் ஏறக்குறைய இல்லாத வைட்டமின் ஏ இலையில் இருக்கிறது. ரத்தத்துக்காக கிழங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, இரும்பு அதிகமுள்ள இலையை வரப்பில் விட்டுவிட்டு வருகிறோம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த இலையில் கால்சியத்தோடு பிணைந்துகொள்ளும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். அதில் உள்ள இரும்பும் கால்சியமும் முழுசாக உடம்பில் சேராது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் கிழங்கையும் இலையையும் குறைத்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இலையைத் திடீரென்று நிறையச் சேர்க்கக் கூடாது, வைட்டமின் கே மிக அதிகம். மற்றவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். தண்டைப் பொடியாக நறுக்கி முதலில் வதக்கி, பூண்டு நாலு பல் தட்டிப்போட்டு, பிறகு இலையைச் சேர்த்து, இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள். எலுமிச்சையின் புளிப்பு இரும்பை உடம்பில் சேர்க்க உதவும்.

அதைவிடப் பெரிய விஷயம் நம் மலையில் ஒன்று இருக்கிறது. டீ. சாப்பிட்டு எழுந்ததும் ஒரு டம்ளர், மாத்திரை விழுங்கவே ஒரு டம்ளர். தேயிலையில் உள்ள டானின் வகைப் பொருட்கள் கீரை, தானியம், காய்களிலிருந்து வரும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு குடித்தால் உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்பு பாதிக்கும் கீழே குறைந்துவிடும். காபியும் அப்படித்தான். தேயிலை பறிக்கிற பெண்கள் காலை வெயில் ஏறுவதற்குள் இரண்டு முறை குடித்துவிடுவார்கள், குளிருக்கு அது வேண்டும், வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள், மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குங்கள் என்பதுதான் நான் சொல்லிவந்தது. கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

இன்னொன்று, உயரமான இடத்தில் வாழ்கிறவர்களுக்கு இயல்பிலேயே ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் உடம்பு ஈடுகட்டுகிறது. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது சமவெளிக் கணக்கு. உலக சுகாதார நிறுவனமே உயரத்துக்கு ஏற்ப இதைத் திருத்திப் பார்க்கச் சொல்கிறது. கோத்தகிரி உயரத்தில் ஒன்பதரை என்பது காகிதத்தில் தெரிவதைவிடக் குறைவுதான். தள்ளிப்போடாமல் அடுத்த பரிசோதனைக்குப் போங்கள் தங்கை.

கோத்தகிரி_தங்கை எழுதியது:

அக்கா, அண்ணி மாத்திரையை டீயோடுதான் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் வாரத்தில் பாதி நாள்தான். இன்று ராத்திரியிலிருந்து தண்ணீரில் போட வைக்கிறேன். இன்னொரு சந்தேகம். பீட்ரூட் நிறையக் குடித்த அன்று சிறுநீர் சிவப்பாகப் போனது என்று பயந்துவிட்டார்கள். அது ஏதாவது கோளாறா?

கோவை_உணவியல் எழுதியது:

பயப்பட வேண்டாம் அக்கா, நிறமி சிதையாமல் வெளியே வருவது அது. பத்தில் ஒருவருக்கு மேல் இப்படி வரும். இரும்புக் குறைவு உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாக வரும் என்பதால் உங்கள் அண்ணிக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் சிவப்பாகப் போனால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பூம்பாறை_பூண்டு எழுதியது:

அப்படியே சர்க்கரைக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள். என் அப்பாவுக்குச் சர்க்கரை. மண்ணுக்குக் கீழே விளைவது எதுவும் கூடாது என்று யாரோ சொல்லி, வீட்டில் விளைகிற கேரட்டையே தொடமாட்டேன் என்கிறார். மூன்று வேளை சோற்றை மட்டும் விடுவதில்லை.

கோவை_உணவியல் எழுதியது:

உருளையையும் மரவள்ளியையும் கேரட்டோடு ஒரே வரிசையில் வைப்பதால் வருகிற குழப்பம் இது. 100 கிராம் கேரட்டிலும் பீட்ரூட்டிலும் மாவுச்சத்து சுமார் 9.6 கிராம்தான். அதில் சர்க்கரை கேரட்டில் 4.7, பீட்ரூட்டில் 6.8 கிராம். ஒரு கப் சோற்றில் மட்டும் மாவுச்சத்து 45 கிராம் வரும். 1981இல் முதன்முதலாக வந்த, எந்த உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் குறியீட்டுப் பட்டியலில் கேரட்டுக்கு மிக அதிக எண் போட்டிருந்தார்கள், அந்தக் கெட்ட பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் வந்த அளவீடுகளில் அது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அப்பாவுக்கு ஒரு கை சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கேரட் பொரியல் வையுங்கள். பீட்ரூட்டும் அளவாகப் பொரியலாகச் சாப்பிடலாம். இரண்டையும் வடிகட்டிய ஜூஸாக மட்டும் வேண்டாம், நார் போய்விடும், சர்க்கரை சட்டென்று ஏறும்.

அருவங்காடு_ஓட்டம் எழுதியது:

பீட்ரூட்டின் இன்னொரு பக்கத்தை யாரும் சொல்லவில்லையே. அதில் நைட்ரேட் அதிகம். வாயில் இருக்கும் நல்ல பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், உடம்பில் அது நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக்குழாயைத் தளர்த்தும். மலை ஏற்றத்தில் ஓடிப் பயிற்சி எடுக்கும் பையன்களுக்கு ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் ஒரு டம்ளர் பீட்ரூட் ஜூஸ் கொடுப்பேன். ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கிருமிநாசினி மவுத்வாஷால் வாய் கொப்பளித்தால் இந்தப் பலன் போய்விடும், அந்த பாக்டீரியா செத்துவிடுவதால். இந்த ஒரு விஷயத்தில் கேரட்டால் பீட்ரூட்டை நெருங்க முடியாது. பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பக் கூடாது.

குன்னூர்_பழையவர் எழுதியது:

இந்த விவாதம் நம் மலையில் நடப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. எந்த உணவில் என்ன சத்து என்று இந்தியாவில் முறையாக ஆராயத் தொடங்கியதே குன்னூரில்தான். 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் இங்கே பாஸ்டர் நிறுவனத்தில் வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். நாட்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய நம் பக்கத்துச் சாப்பாட்டில் வளர்ந்தவை மெலிந்து நோயில் விழுந்தன. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் காலத்தில், 1937இல், இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல் இங்கிருந்துதான் வெளியானது. அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்குப் போனது. செவிலி அம்மா முதலில் சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவேதான். அரிசியோடு காயும் பருப்பும் கீரையும் சேர வேண்டும் என்று இந்த ஊர் எலிகள் அப்போதே காட்டிவிட்டன. ஒரு காயை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்று வேளையும் கொடுப்பதை மெக்காரிசன் ஏற்றிருக்க மாட்டார்.

மேட்டுப்பாளையம்_மண்டி எழுதியது:

நானும் ஒரு விஷயம் சொல்கிறேன், இது என் தொழில். கேரட்டை விடியும் முன்னே இருட்டில் பிடுங்கி, மெஷினில் போட்டுச் சுற்றிக் கழுவித்தான் எங்கள் மண்டிக்கு அனுப்புகிறார்கள். பளபளவென்று வரும், விலையும் கிடைக்கும். ஆனால் மேல்தோல் உரசிப் போவதால் சீக்கிரம் வாடும். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் மண் ஒட்டிய கேரட் கிடைத்தால் அதையே வாங்குங்கள், நாள்பட நிற்கும். தலைப்பக்கம் பச்சையாக இருந்தால் மண்ணுக்கு வெளியே வெயில் பட்டது என்று அர்த்தம், கசக்கும், அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். தோலை ஆழமாகச் சீவத் தேவையில்லை.

கோத்தகிரி_தங்கை எழுதியது:

மிக்க நன்றி எல்லோருக்கும். அம்மாவிடம் இலையைப் பற்றிச் சொன்னேன், நாளைக்கே கடைகிறேன் என்கிறார். கடைசியாக ஒன்று. அண்ணியின் மூத்த பையனுக்கு ஏழு மாதம் இருந்தபோது கேரட்டையும் பீட்ரூட்டையும் மசித்து ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாள் கொடுத்தோம். இந்தக் குழந்தைக்கும் அப்படிச் செய்யலாமா?

குன்னூர்_செவிலி எழுதியது:

வேண்டாம் தங்கை. ஓட்டத் தம்பி சொன்ன அதே நைட்ரேட்தான் காரணம். மசித்த காயை நாள்கணக்கில் வைத்தால் கிருமிகள் அதை நைட்ரைட் ஆக்கிவிடும். கைக்குழந்தையின் ரத்தத்தில் அது போனால் ஆக்சிஜனை எடுத்துச் செல்லும் திறன் குறையும், குழந்தை நீலம் பூத்துப் போகலாம். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகு கேரட்டோ பீட்ரூட்டோ அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் வேகவைத்து, மசித்து, ஒரு சொட்டு நெய் விட்டு அப்போதே ஊட்டுங்கள். மிஞ்சியதைப் பெரியவர்கள் சாப்பிட்டுவிடலாம். கூடவே குழைய வேகவைத்த பருப்பும் ராகிக் கூழும் சேருங்கள், குழந்தைக்கும் இரும்பு வேண்டும்.

கேத்தி_விவசாயி எழுதியது:

பீட்ரூட் இலை வேண்டும் என்கிறவர்கள் உழவர் சந்தையில் காய் வாங்கும்போது முதல்நாளே சொல்லி வையுங்கள், இலையோடு கட்டிக் கொண்டுவருவார்கள். வீட்டுக்கு வந்ததும் கிழங்குக்கு மேலே இரண்டு விரல் தண்டு விட்டு இலையை வெட்டித் தனியாக வையுங்கள். ஒட்டியே விட்டால் இலை கிழங்கின் ஈரத்தை இழுத்து இரண்டையும் வாட வைக்கும். இலையை அன்றே சமைத்துவிடுங்கள், கிழங்கு ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும்.